முகத்துவாரத்துக்குக் குறுக்கே ஒரே சுவர்: வெள்ளத் தடுப்பு, ரயில், மின்சாரம் மூணும் ஒத்துப்போகுமா?

பாலாற்றுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வேலைக்காக வாரம் ரெண்டு தடவை இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்திலிருந்து வேல்ஸில் இருக்கும் கார்டிஃப் போகிறேன். வழியில் ரயில் செவர்ன் ஆற்றுக்கு அடியில் இறங்கும். 7 கி.மீ. சுரங்கம், 1886-இல் திறந்தது. அங்கே ஊறும் தண்ணீரை வெளியே இறைக்க இன்றைக்கும் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, நாளொன்றுக்கு சுமார் 5 கோடி லிட்டர். உள்ளே உப்பும் ஈரமும் எப்படி என்றால், மின்சார ரயிலுக்காக மாட்டிய கம்பி துருப்பிடித்து, 2020 வரை அதற்குள் மின்சார ஓட்டம் தள்ளிப்போனது.

நான் அடியில் போகும்போது மேலே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்த முகத்துவாரத்தில் கடல் ஏறி வற்றும் வித்தியாசம் 14 மீட்டர் வரை போகும். சென்னையில் ஒரு மீட்டர் வந்தாலே அதிகம். இங்கே ஒரு நாளில் ரெண்டு தடவை நாலு மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது, ஒரு பல்பு கூட எரிவதில்லை.

என் கேள்வி இதுதான். குறுக்கே ஒரு சுவர், உள்ளே டர்பைன், மேலே ரயில். சுவர் புயல் வெள்ளத்தையும் தடுக்கும். 1607-இல் இந்தக் கரையில் கடல் புகுந்து ரெண்டாயிரம் பேர் வரை செத்ததாகச் சொல்கிறார்கள். யோசனையும் என்னுடையதில்லை. 1849-லேயே தாமஸ் ஃபுல்ஜேம்ஸ் என்ற பொறியாளர் பீச்லிக்கும் ஆஸ்ட்டுக்கும் நடுவே அணை கட்டலாம், கப்பலுக்குத் துறை, மேலே ரயிலும் சாலையும், கூடவே வெள்ளத் தடுப்பு என்று திட்டம் போட்டார். அப்போது மின்சாரம்தான் பட்டியலில் இல்லை. 1989 திட்டம் கார்டிஃப் பக்கத்திலிருந்து வெஸ்டன் வரை 16 கி.மீ., ஒவ்வொன்றும் 40 மெகாவாட்டாக 216 டர்பைன், மொத்தம் 8,640 மெகாவாட், வருஷத்துக்கு 1,700 கோடி யூனிட். இதைக் கட்டாமல் விட்டது சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கிறேன். தப்பென்றால் திருத்துங்கள்.

மதகடி

தம்பி, சோம்பேறித்தனம் இல்லை. நான் டெல்டாவில் முப்பது வருஷம் ஷட்டர் ஏத்தி இறக்கினவன். சுவரைப் பாத்தா எல்லாரும் "தடுக்கும்"னு சொல்வாங்க. எங்களுக்கு முதல்ல தோணுறது, உள்ள இருக்கிற தண்ணி எப்படி வடியும்னுதான்.

ஓத மின்சாரம், அதாவது கடல் ஏறி வத்துறதுல மின்சாரம், எடுக்கிற விதத்தைப் பாருங்க. கடல் ஏறும்போது மதகைத் திறந்து தண்ணியை உள்ள விடணும். உச்சிக்கு வந்ததும் மூடணும். வெளியே கடல் வத்துற வரைக்கும் பிடிச்சு வச்சிருந்து, உயர வித்தியாசம் போதுமான அளவு வந்தப்புறம் டர்பைன் வழியா விடணும். அப்படின்னா சுவருக்கு உள்பக்கம் தண்ணி பழைய அடிமட்டத்துக்கு இறங்கவே இறங்காது. பாதியிலேயே நிக்கும்.

செவர்னுக்கு ரெண்டு பக்கமும் பள்ளக்காடு. சாமர்செட் பக்கம், குவெண்ட் பக்கம். அங்க வாய்க்காலெல்லாம் கடல் வத்துற நேரத்துலதான் தானா வடியுது. வாயில தட்டுக்கதவு இருக்கும். கடல் ஏறினா சாத்திக்கும், வத்தினா திறந்துக்கும். அந்த வத்துற நேரத்தை மின்சாரத்துக்காகப் பிடுங்கிட்டா, வாய்க்காலுக்கு வாய் அடைச்ச மாதிரி. அப்புறம் மழைத் தண்ணியைப் பம்பு வச்சுத்தான் இறைக்கணும். கடல் வெள்ளத்தைத் தடுத்த சுவரே மழை வெள்ளத்தை உள்ள தேக்கும். கடைமடை விவசாயிகிட்ட கேட்டுப் பாருங்க, ரெகுலேட்டரை நேரத்துக்குத் திறக்கலைன்னா என்ன ஆகும்னு கதை கதையாச் சொல்வாங்க.

சும்மா படிக்கிறவன்

ஒரே சுவர், மூணு மாமியார். புரிஞ்சுபோச்சு.

கான்வே அக்கா

நான் தேம்ஸ் முகத்துவாரத்தில, கான்வேத் தீவில இருக்கிறன். 1953 சனவரி 31 இரவு வந்த கடல் வெள்ளத்தில இந்தத் தீவில மட்டும் 58 பேர் செத்தவை. இங்கிலாந்துக் கரையில 307, ஒல்லாந்தில 1,836. இங்க பழைய ஆக்களோட கதைச்சால் இப்பவும் அந்த இரவுக்குத்தான் வருவினம். தீவின்ரை பெரும்பகுதி கடல் ஏறி நிக்கிற மட்டத்துக்குக் கீழ. மதிலுக்கு அங்கால கப்பல் எங்கட தலைக்கு மேல போறமாதிரித் தெரியும்.

மதகடி ஐயா சொன்னதைத் தேம்ஸிலயே பாக்கலாம். கிழக்கு லண்டனில இருக்கிற தடுப்பு 1982 இல இருந்து வேலை செய்யுது. 520 மீற்றர், 10 கதவு, பெரிய நாலும் ஒவ்வொண்டும் 61 மீற்றர் அகலம். கடல் பொங்கி வருது எண்டு தெரிஞ்சால் அதை எப்ப மூடுறது? கடல் வத்தின கையோட. ஏனெண்டால் உள்ளுக்கு வெறுமையா இருந்தாத்தான் மேல இருந்து வாற ஆத்துத் தண்ணி நிக்க இடம் இருக்கும். 2013-14 மாரியில 50 தரம் மூடினவை. அதில கனக்க ஆத்து வெள்ளத்துக்காகத்தான்.

இப்ப அந்தக் கதவுக்குள்ள ஒரு டர்பைனை வைச்சுப் பாருங்கோ. கரண்டுக்காரனுக்கு உள்ளுக்கு நிறைஞ்சிருக்க வேணும். எங்களுக்கு உள்ளுக்கு வெறுமையா இருக்க வேணும். ஒரே இரவில ரெண்டு பேரும் கட்டுப்பாட்டு அறைக்கு ரெலிபோன் எடுத்தால் ஆற்றை சொல்லு எடுபடும்? தம்பி, அதை எழுதி வைச்ச பிறகு ரயிலைப் பற்றிக் கதைப்பம்.

பாலாற்றுக்காரன்

அக்கா, நல்ல கேள்வி. ஆனால் அது விதிமுறைப் பிரச்சினைதானே? வெள்ள எச்சரிக்கை வந்தால் மின்சாரம் நிற்கும் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. அணைகளில் இது நடக்காததா?

மதகடி

எழுதலாம். எழுதியும் இருக்காங்க. அணையில வெள்ளத்துக்கு இடம் விட்டு வைக்கணும்னு விதி இருந்தும், பாசனத்துக்கும் கரண்டுக்கும் ஆசைப்பட்டு நிறைச்சு வச்சு, கடைசி ராத்திரி மொத்தமாத் திறந்துவிட்ட கதை எந்த ஊர்ல இல்லை?

ரயில்பித்தன்

ரயிலுக்காக யாரும் பேசவில்லையே என்று வந்தேன். வந்து ரயிலுக்கு எதிராகத்தான் பேசப்போகிறேன், மன்னிக்கவும்.

சுவர் என்றால் கப்பல் போக வழி வேண்டும். செவர்னில் பிரிஸ்டல், கார்டிஃப், நியூபோர்ட் துறைமுகங்கள் எல்லாம் சுவருக்கு உள்பக்கம் மாட்டும். சுவரில் கப்பல் போகும் கதவு வழிக்கு மேலே ரயில் எப்படிப் போகும்? மூணு வழி. திறந்து மூடும் பாலம் போட்டால் கப்பல் வரும்போதெல்லாம் ரயில் நிற்க வேண்டும். கடல் ஏற்றம் நாளுக்கு 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும், கப்பலும் அதோடு தள்ளும், கால அட்டவணை தள்ளாது. ரெண்டாவது, உயரப் பாலம். கப்பலுக்கு 50 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று வையுங்கள். ரயில் 80-க்கு 1 சரிவில் ஏறினால், ஏற மட்டும் 4 கி.மீ., இறங்க இன்னொரு 4. பதினாறு கிலோமீட்டர் சுவரில் பாதி தூரம் தடம் சுவரிலேயே இல்லை, தூண் மேல் நிற்கிறது. அப்புறம் சுவர் எதற்கு? மூணாவது, கப்பல் வழிக்கு அடியில் சுரங்கம். பீட்டர்ஸ்பர்க்கில் அப்படித்தான் செய்தார்கள். பின்லாந்து வளைகுடாவின் குறுக்கே 25 கி.மீ. தடுப்பு, 1979-இல் தொடங்கி, நடுவில் பணமில்லாமல் கிடந்து, 2011-இல் முடிந்தது. மேலே நெடுஞ்சாலை, கப்பல் வழி வரும் இடத்தில் சாலை தண்ணீருக்கு அடியில் போகிறது. சாலைக்கு அது சரி. ரயிலுக்கு அதே பள்ளம் இறங்கி ஏற இன்னும் நீளமான சுரங்கம் தேவைப்படும். சுரங்கம்தான் தோண்டப் போகிறோம் என்றால் நம் நண்பர் ஏற்கெனவே ஒரு சுரங்கத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

அதற்காக ரயிலும் கடல் சுவரும் சேரவே சேராது என்று சொல்லவில்லை. கப்பல் போகாத இடத்தில் அழகாகச் சேரும். ஜெர்மனியில் சில்ட் தீவுக்குப் போகும் ஹிண்டன்பர்க் கரை 11 கி.மீ., 1927-இலிருந்து ரயில் மட்டும்தான். காரே ரயிலில் ஏறித்தான் போக வேண்டும்.

எனக்குப் பிடித்தது வேல்ஸில் போர்த்மடாக் ஊரில் உள்ள 'காப்'. மேடாக்ஸ் என்பவர் 1811-இல் கட்டிய கரை, ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. முகத்துவாரத்தை அடைத்து நிலம் மீட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் கடல் வற்றும்போது கதவு வழியே வெளியேறும். 1836-இல் அதே கரை மேல் ஃபெஸ்டினியாக் ரயில். மலையிலிருந்து கல்பலகை ஏற்றிய வண்டிகள் எஞ்சினே இல்லாமல் சரிவில் தானாக உருண்டு வரும். காலி வண்டியை மேலே இழுக்கக் குதிரை. அந்தக் குதிரைகளும் இறங்கும்போது தனிப் பெட்டியில் ஏறி நின்றுகொண்டு வரும்! வெள்ளத் தடுப்பு, ரயில், பசுமை ஆற்றல் மூணும் ஒரே கரையில். பாலாற்றுக்காரன் கேட்டது அப்போதே நடந்துவிட்டது.

சும்மா படிக்கிறவன்

அந்தக் குதிரைக்கு டிக்கெட் உண்டா?

டெல்ஃப்ட்வாசி

நெதர்லாந்தில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். இங்கே நடந்ததைச் சொன்னால் விவாதம் கொஞ்சம் திசை மாறும்.

கடலைக் குறுக்கே அடைத்த அஃப்ஸ்லவுட்டைக் கரை, 32 கி.மீ., 1932-இல் முடிந்தது. கட்டும்போதே ரெட்டை ரயில் தடத்துக்கு இடம் விட்டுத்தான் அகலமாகக் கட்டினார்கள். ரயில் வரவே இல்லை. விட்ட இடத்தில் பிற்பாடு நெடுஞ்சாலையை அகலப்படுத்தினார்கள். ரயிலுக்கு வைத்த இலையில் கார் உட்கார்ந்து சாப்பிட்டது.

ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பு வேறு கதை. முகத்துவாரத்தை முழுதாக அடைப்பதுதான் முதல் திட்டம். சிப்பி, மட்டி எடுக்கிறவர்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அதனால் அடைப்பை விட்டுவிட்டு 62 கதவு வைத்து, சாதாரண நாளில் கடல் வந்து போகும்படி 1986-இல் முடித்தார்கள். செலவு ஏகத்துக்கும் ஏறியது. மேலே சாலை உண்டு. 2015-இல், அதாவது 29 வருஷம் கழித்து, ஒரு கதவு இடைவெளியில் ஐந்து டர்பைன் தொங்கவிட்டார்கள். 1.25 மெகாவாட், சுமார் ஆயிரம் வீட்டுக்குத்தான் காணும். ஆனால் கவனியுங்கள், கடலைப் பிடித்து வைக்காமல் ஓடுகிற நீரோட்டத்திலேயே எடுத்த மின்சாரம் அது. மதகடி ஐயா சொன்ன வடிகால் சண்டை அங்கே இல்லை. அதனால்தான் மின்சாரமும் கொஞ்சம்.

கொரியாவில் சிஹ்வா இன்னும் வேடிக்கை. 1994-இல் 12.7 கி.மீ. கடல் சுவர் கட்டி, உள்ளே நன்னீர் ஏரி ஆக்கலாம் என்று பார்த்தார்கள். தொழிற்சாலைக் கழிவு சேர்ந்து ஏரி நாறிப்போனது. கடல் தண்ணீரை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்ற நிலை. விடுவதுதான் விடுகிறோம், டர்பைன் வழியாக விடலாமே என்று 2011-இல் 254 மெகாவாட் நிலையத்தைத் திறந்தார்கள். உலகத்திலேயே பெரிய ஓத மின்நிலையம் அதுதான். கடல் ஏறும்போது மட்டும் மின்சாரம், வற்றும்போது மதகு வழியாகத் தண்ணீர் சும்மா வெளியே போகும். உள்மட்டம் தாழ்வாகவே இருக்கும். செய்த தப்பைத் திருத்தப் போய் மின்சாரம் கிடைத்தது.

நான் பார்த்தவரை, ஒன்று சேர்ந்து நிற்பவை எல்லாம் ஒரே வரைபடத்தில் பிறந்தவை அல்ல. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று ஏறியவை.

பாலாற்றுக்காரன்

அப்படியானால் ரான்ஸ்? பிரான்ஸில் செயின்ட் மாலோ பக்கம். 1966-இல் அதிபர் டி கால் வந்து திறந்தது. 750 மீட்டர், 24 டர்பைன், 240 மெகாவாட், மேலே சாலை. ஒரே வரைபடம்தானே? அறுபது வருஷமாக ஓடுகிறது.

டெல்ஃப்ட்வாசி

உண்மைதான், அது என் வாதத்தில் ஓட்டை. ஆனால் அங்கே ஒரே முதலாளி, அரசு மின்வாரியம். பணம் போட்டதும் மின்சாரம் விற்றதும் ஒரே கை. மேலே போனது சாலை, படகு வந்தால் பாலத்தைத் தூக்கினால் கார்கள் நின்று போகும். இன்னொன்று, கட்டும்போது மூணு வருஷம் முகத்துவாரத்தைக் கடலிலிருந்து முழுசாக அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த உயிர் பெரும்பாலும் செத்தது. திரும்பி வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. வண்டல் சேருவது இன்றும் தீரவில்லை. இன்றைக்கு அதே அனுமதி எந்த நாட்டில் கிடைக்கும்? செவர்ன் முகத்துவாரம் சர்வதேசப் பாதுகாப்பு பெற்ற பறவைச் சேறு. அந்தச் சேறு வெளியே தெரிவதே கடல் வற்றும்போதுதான்.

மதகடி

காசு கணக்கையும் பேசுவோம். 2010-ல பிரிட்டிஷ் அரசாங்கம் ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணி, கார்டிஃப்-வெஸ்டன் அணைக்கு 30 பில்லியன் பவுண்டுக்கு மேல ஆகும், இப்ப கட்ட நியாயமில்லைன்னு மூடி வச்சிருச்சு. 2013-ல தனியார் ஒருத்தர் இன்னொரு இடத்துல கட்டறேன்னு வந்தாங்க, நாடாளுமன்றக் குழு நம்பலை. ஸ்வான்சீயில சின்னதா 320 மெகாவாட், 9.5 கி.மீ. சுவர், 1.3 பில்லியன். அரசாங்கம் நியமிச்ச ஹெண்ட்ரி 2017-ல செய்யலாம்னார். 2018-ல அதே அரசாங்கம் வேண்டாம்னுருச்சு. போன 2025-ல செவர்ன் பத்தி ஒரு ஆணையம் சொன்னதும் குறுக்கு அணை வேண்டாம், கரையோரமா வளைச்ச குளம் ஒண்ணை முதல்ல கட்டிப் பாருங்கன்னுதான்.

வளைச்ச குளத்துல ஆத்து வாய் அடைபடாது, கப்பல் வழி அடைபடாது. நான் அதுக்கு ஓட்டுப் போடுவேன். ஆனா கரையில ஆரம்பிச்சு கரையிலேயே முடியுற சுவர் மேல ரயில் எங்க போகும்? சுத்திச் சுத்தி வரும், கண்காட்சி ரயில் மாதிரி.

பாலாற்றுக்காரன்

சரி, செவர்னை விடுகிறேன். தேம்ஸுக்கு வருவோம். 2011 நவம்பரில் ஃபாஸ்டர் கட்டடக்கலை நிறுவனமும் ஹால்க்ரோ பொறியியல் நிறுவனமும் 'தேம்ஸ் ஹப்' என்று ஒன்று போட்டார்களே. ஐல் ஆஃப் கிரெய்னில் வருஷம் 15 கோடிப் பயணிகள் வரும் விமான நிலையம், லண்டனைச் சுற்றி நாலு தட ரயில், முகத்துவாரத்தில் புதுத் தடுப்பு, அதிலேயே ரயில் கடக்கும் வழி, ஓத மின்சாரம். மொத்தம் 50 பில்லியன். தடுப்பைத் தனியாகக் கட்டினால் எப்படியும் செலவுதானே, ரயிலும் சேர்ந்தால் பங்கு போடலாமே என்பது அவர்கள் வாதம். அது எனக்கு இன்னும் நியாயமாகத்தான் படுகிறது.

கான்வே அக்கா

தம்பி, 2014 செப்டம்பரில விமான நிலையக் குழு அந்தக் கிரெய்ன் யோசினையை நிராகரிச்சுப் போட்டுது. விமான நிலையம் விழ, அதோட கட்டியிருந்த தடுப்பும் ரயிலும் கரண்டும் எல்லாம் சேர்ந்து விழுந்தது. இதுதான் எனக்குப் பயம். பறவை, விலை, சத்தம் எண்டு விமானத்தில பிழை பிடிச்சினம், வெள்ளத் தடுப்பில ஒரு பிழையும் ஆரும் பிடிக்கேல்லை. ஆனால் அதுவும் போச்சு. என்ரை மதிலை இன்னொருத்தரின்ரை கலியாணத்தோட முடிச்சுப் போடாதேங்கோ.

(அந்தக் கிரெய்னுக்கு முன்னால, ஷீர்னஸ் பக்கம், ரெண்டாம் உலகப் போரில தாண்ட ஒரு கப்பல் சுமார் 1,400 தொன் வெடிமருந்தோட இப்பவும் கிடக்குது. பாய்மரம் தண்ணிக்கு மேல தெரியும். எங்கட பக்கத்துக்கு வாறவை முதல் கேக்கிறது அதைப் பற்றித்தான்.)

ரயில்பித்தன்

அக்கா சொன்ன முடிச்சு ரயிலுக்கும் பொருந்தும், தலைகீழாக. தென்மேற்கு இங்கிலாந்தில் டாலிஷ் ஊரில் பொறியாளர் புருனல் 1846-இல் கடலோரமாகப் போட்ட தடம், ரயிலைத் தாங்கும் சுவரே ஊரைக் காக்கும் சுவர். 2014 பிப்ரவரியில் புயல் சுவரைத் தின்றது. தண்டவாளம் கயிற்றுப் பாலம் மாதிரி காற்றில் தொங்கிய படம் பார்த்திருப்பீர்கள். ரெண்டு மாதம் கார்ன்வாலுக்கு ரயில் இல்லை. சுவரில் ஓட்டை விழுந்த அன்றைக்குத்தான் ஊரைக் காலி பண்ண ரயிலும் தேவைப்படும். ரெண்டும் ஒன்று என்றால் ரெண்டும் ஒரே நேரத்தில் போகும்.

ரயிலுக்குக் காலடியில் டர்பைன் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2017 சனவரியிலிருந்து டச்சு மின்சார ரயில்கள் முழுக்கக் காற்றாலை மின்சாரக் கணக்கில்தான் ஓடுகின்றன. காற்றாலை எங்கேயோ, தண்டவாளம் எங்கேயோ. கம்பிதான் சேர்க்கிறது. மின்சாரத்தையும் ரயிலையும் ஒரே கான்கிரீட்டில் புதைப்பது படத்தில்தான் அழகு.

பாலாற்றுக்காரன்

எல்லோரும் சேர்ந்து என்னைக் கரையேற்றிவிட்டீர்கள். ஆனாலும் ஒன்றை விடமாட்டேன். ஓத மின்சாரம் உயர வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. லண்டனில் பெரிய ஓதத்தில் 7 மீட்டர், செவர்னில் 14. அதே பரப்புக்குத் தேம்ஸில் கால்வாசிதான் கிடைக்கும். எனவே தேம்ஸில் மின்சாரத்தைக் கைவிடுகிறேன், அக்காவின் கதவு அக்காவுக்கே. ஆனால் ரயில்? தேம்ஸ் முகத்துவாரத் திட்டப்படி இப்போதுள்ள தடுப்பு 2070 வரை தாங்கும், அதற்குப் பிறகு என்ன என்று 2040-க்குள் முடிவு செய்ய வேண்டும். புதிதாக வேறு இடத்தில் கட்டுவதென்றால், அடித்தளத்தில் ஒரு தடம் போகும் அகலம் மட்டும் விட்டுவைக்கச் சொல்வதில் என்ன தப்பு? கட்டச் சொல்லவில்லை. இடம் மட்டும்.

டெல்ஃப்ட்வாசி

இடம் விட்டால் கார் வந்து உட்காரும் என்றேனே! தேம்ஸில் அது பாதி நடந்தும்விட்டது. 2025 மார்ச்சில் கீழ்த் தேம்ஸ் கடப்புக்கு அனுமதி கொடுத்தார்கள். ரெட்டைச் சுரங்கம், 4 கி.மீ.க்கு மேல், முழுக்கச் சாலை. தண்டவாளத்துக்கு ஓரமாகக் கூட இடமில்லை. ஆனால் உன் கோரிக்கை தப்பில்லை. எழுதும்போது "போக்குவரத்துக்கு" என்று எழுதாதே, "ரயிலுக்கு" என்று எழுது. அஃப்ஸ்லவுட்டைக்கில் ரயில் என்றே நினைத்திருந்தும் கைவிட்டுப் போனது. பொதுவாக எழுதினால் அந்த நினைப்பும் இருக்காது.

மதகடி

அடித்தளத்துல அகலம்னா அஸ்திவாரத் தூணுக்குச் சுமையும் சேத்துக் கணக்குப் போடணும் தம்பி. வெறும் அகலம் விட்டா பின்னாடி வர்றவன் எடை தாங்காதுன்னு சொல்லி மறுபடி சாலையே போடுவான். சரக்கு ரயில் எடைக்குக் கேளு.

கான்வே அக்கா

கேளுங்கோ. கதவு மூடுற உரிமை தனியா ஒரு கையில இருக்கும் எண்டும் அதே கடிதத்தில சேருங்கோ. தேம்ஸ் தடுப்பை வருசத்துக்கு ஒருக்கால், மாரிக்கு முதல், ஒரு முழுநாள் மூடிச் சோதிக்கிறவை. ஒருக்கால் வந்து கரையில நிண்டு பாருங்கோ. அண்டைக்கு மேல கோச்சி, அதுதான் ரயில், ஓடுமா, நிக்குமா எண்டு அங்க நிண்டு யோசிச்சால் விளங்கும்.

பாலாற்றுக்காரன்

வருகிறேன் அக்கா. ரயில்பித்தனையும் கூட்டி வருகிறேன்.

ரயில்பித்தன்

வருகிறேன். குதிரைக்கு டிக்கெட் கேட்டவருக்கு: கிடையாது. தீவனம் உண்டு.